மாப்பிள்ளை கழுத்துக்கு இரண்டு எண்ணெய்

போன வாரம் முழங்கால் வலிக்காகப் புதுக்கோட்டையில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போயிருந்தேன். முழங்கால் வைத்தியத்தைக் கொண்டுபோய் மாடியில் வைத்திருக்கிறார்கள். படியேறிப் போய்ச் சேருவதற்குள் இல்லாத வலியும் வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். மேசையில் இருந்த பெண் அவரைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"எண்ணெ தேய்ச்சுக்கிட்டு வராதீங்கன்னு சொன்னேன்ல ஐயா. மெஷின் பட்டை வழுக்கிக்கிட்டுப் போகுது."

"அது வழுக்குனா வழுக்கிட்டுப் போகுதும்மா. நீ கரண்டை மட்டும் விடு," என்றார் அவர்.

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல் ஓரமாக நகர்ந்தார்கள். நான் எழுந்து அவருக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போனேன். புன்னை எண்ணெய். வறுத்த கொட்டையையும் கசக்கிய பச்சிலையையும் நெடுநாள் திறக்காத மரப்பெட்டியையும் ஒன்றாக முகர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மற்றவர்கள் அதை வாடை என்பார்கள். எனக்கு அது கல்யாண வாசனை. இன்னும் சரியாகச் சொன்னால், என் கல்யாண வாசனையில் பாதி. மீதிப் பாதி இலுப்பை எண்ணெய். சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டிய கதைதான், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் பிறந்தது கீரமங்கலத்துக்குப் பக்கத்தில். தென்னையும் பூந்தோட்டமுமான ஊர். காலையில் கதவைத் திறந்தால் மல்லிகை வந்து மூக்கில் மோதும். ஆனால் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் மல்லிகை வாசலோடு நின்றுவிடும். உள்ளே என் ஆத்தாவின் எண்ணெய் ஆட்சி. ஆத்தாவுக்கு உடம்பில் எங்கே என்ன கோளாறு என்றாலும் அது எண்ணெய் வற்றிப்போனதால் வந்ததுதான். சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுடவைத்து நெஞ்சில் தேய்ப்பாள். உள்ளங்கால் எரிச்சலுக்கு விளக்கெண்ணெய். சிரங்குக்கு வேப்பெண்ணெய், அதைப் பூசிய பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கவும் முடியாது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் மாட்டார்கள், ஆகவே சிரங்கு வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். செவ்வாய் வெள்ளியில் பெண்களுக்கும் புதன் சனியில் ஆண்களுக்கும் நல்லெண்ணெய்க் குளியல். இந்தக் கிழமைக் கணக்கை யார் மறந்தாலும் வீட்டுப் பூனை மறக்காது, அன்றைக்கு அடுப்படிப் பக்கமே வராது.

கை கால் பிடிப்பு, சுளுக்கு, இடுப்பு வலி இவற்றுக்கு மட்டும் புன்னை. கடற்கரைப் பக்கமிருந்து காய்ந்த புன்னைக்கொட்டை சாக்கில் வரும். அதைச் செக்கில் ஆட்டி, கரும்பச்சை நிறத்தில் வருகிற எண்ணெயை ஆத்தா ஒரு பீங்கான் ஜாடியில் ஊற்றி, கயிறு கட்டி, ஊறுகாயைக் காப்பதுபோல் காப்பாள்.

எனக்குக் கல்யாணம் நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். மாப்பிள்ளை குடுமியான்மலைக்கு அந்தப் பக்கத்து ஊர், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வறண்ட பூமி. "பாறையும் பனையும் இருக்கிற ஊருக்கா பொண்ணைக் குடுக்குறீங்க" என்று கேட்டவர்கள் உண்டு. பெண் பார்க்க அவர் வந்தபோது நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். தலை நிமிராமல் கொடுத்ததில் எனக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டுமே. நல்ல சுத்தமான பாதங்கள். அதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது? வந்துவிட்டேன்.

அவருக்குச் சிறு வயதிலேயே தாய் தவறிவிட்டார். வளர்த்தது மூத்த அக்கா. அந்த அக்காவும் கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கணவரை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். எனக்கு அவர் மதினி முறை. உயரமான மனுஷி, கணீரென்ற குரல். அன்றைக்குப் பெண் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "கணுவுல பிடிப்பு இல்ல. நல்லா இருக்கு" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பெண்ணைப் பார்த்தார்களா, மாட்டைப் பார்த்தார்களா என்று ஆத்தா அப்புறம் முணுமுணுத்தாள்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் ஆத்தாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. சுளுக்கு வழிப்பதில் அவர் கைக்குச் சுற்றுப்பட்டில் பெயர் உண்டு. பெரிய உடம்பு, சின்னக் கோபம். ஆனால் அந்தச் சமயத்தில் அவருடைய கோபம் சின்னதாக இல்லை. காரணம் இருந்தது. அவருடைய மகள் பஞ்சவர்ணத்தை முந்தின வருஷம் கட்டிக்கொடுத்த இடத்தில், மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே வேறொரு ஊரில் மனைவியும் குழந்தையும் இருந்ததை மறைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த அன்றே மாமா போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவள் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. அதிலிருந்து மாமாவுக்கு மாப்பிள்ளை வீடு என்றாலே மறைக்கிற வீடு.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் லாரியில், பாதிப் பேர் பஸ்ஸில். மாப்பிள்ளை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, தை மாசத்துக் குளிர்காற்றில் நன்றாகத் தூங்கிவிட்டார். புதுக்கோட்டையில் சாய்ந்த தலை ஆலங்குடி தாண்டி நிமிரப் பார்த்திருக்கிறது, நிமிரவில்லை. கழுத்து இடப்பக்கமாகத் திரும்பினபடி அப்படியே நின்றுவிட்டது. மேளம் முன்னால் போக, மாலை போட்ட மாப்பிள்ளை பக்கத்துத் தோப்பைப் பார்த்துக்கொண்டே எங்கள் தெருவில் நடந்து வந்தார். வாசலில் ஆரத்தி எடுத்த பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் முகம் இருந்த பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

உள்ளறையில் இருந்த எனக்குச் செய்தி துண்டு துண்டாக வந்தது. முதலில் ஒருத்தி வந்து, "மாப்பிள்ளை நம்ம வீட்டுப் பக்கமே பார்க்க மாட்டேங்குறாரு" என்றாள். அடுத்தவள், "பிடிக்காம வந்திருக்காரு போல" என்றாள். மூன்றாவது வந்தவள் ஒன்றும் சொல்லாமல் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அதுதான் பயமாக இருந்தது. கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது, கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. அந்த இரண்டு பாதங்களை நினைத்துப் பார்த்தேன். பாதத்தில் விருப்பு வெறுப்பு தெரியுமா என்ன?

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் மாமாவின் குரல் கேட்டது.

"இது இன்னிக்கு வந்த பிடிப்புன்னு நாங்க எப்படி நம்புறது? அப்பப்ப வந்து நிக்கிற பழைய கோளாறோ என்னவோ. கழுத்து நேரா நிக்காம காலையில தாலி ஏறாது. சொல்லிப்புட்டேன்."

அப்பா எதுவோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மதினியின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை, ஆனால் வாசல்வரை கேட்டது.

"எந்தம்பி கழுத்து ஒங்க ஊருக்கு வர்ற பஸ்ஸுல ஏறுறவரைக்கும் நேராத்தாங்க இருந்துச்சு. நீங்க பாதையைச் சரி பண்ணுங்க. கழுத்தை நாஞ் சரி பண்ணிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தன் துணிப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்திருக்கிறார். இலுப்பை எண்ணெய். ஊருக்குப் போகிறவர்கள் மாற்றுப்புடவை எடுத்துக்கொள்வதுபோல் மதினி எங்கே போனாலும் இலுப்பை எண்ணெய் எடுத்துப் போவார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. தைக் குளிரில் அது வெண்ணெய்போல் உறைந்து கிடந்தது. சுடவைக்க அடுப்படிக்குப் போனார். அங்கே ஆத்தா ஏற்கெனவே புன்னை ஜாடியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரே அடுப்பு, இரண்டு எண்ணெய்.

"இலுப்ப எண்ணெ கோயில் வெளக்குக்குத்தான் ஆகும். பிடிப்புக்குப் புன்னைதாங்க," என்றாள் ஆத்தா.

"புன்னை எண்ணெ கடக்கரையில படகுக்குப் பூசுறது. எந்தம்பி என்ன படகா?"

"படகுக்கே தாங்குதுன்னா கழுத்துக்குத் தாங்காதா?"

"சம்பந்தியம்மா, இந்தக் கழுத்தைக் கைப்பிள்ளையில இருந்து நான் பார்க்குறேன். அதுக்கு எது கேக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"எங்க வீட்டுக்கு வந்து பிடிச்ச கழுத்துங்க. நாங்கதான் பார்க்கணும்."

இப்படியே போனது. அடுப்பில் சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது, சமையல்காரர் கரண்டியோடு ஒதுங்கி நின்றிருந்தார். கூடத்தில் மாமா, அடுப்படியில் இவர்கள். எனக்கு உள்ளுக்குள் ஏதோ பொறுமை அறுந்தது. கல்யாணம் எனக்கு, கழுத்து அவருக்கு, இடையில் இத்தனை பேர் பேசுகிறார்களே என்று தோன்றியிருக்க வேண்டும். மருதாணிக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிலைப்படிவரை வந்து சொன்னேன்.

"கழுத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல ஆத்தா. ஆளுக்கொரு பக்கம் தேய்ச்சு விடுங்க."

கல்யாணப் பெண் முதல்நாள் வாய் திறந்து பேசுவது அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வழக்கமில்லை. மாப்பிள்ளை கழுத்தைப் பற்றிப் பேசுவது எந்தப் பக்கமும் வழக்கமில்லை. ஆத்தா என்னைப் பார்த்த பார்வையில் பருப்பு கருகியிருக்கும். அப்போது கூடத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு பாதியில் நின்று, "அம்மா" என்று வலியில் முனகல் வந்தது. சிரித்ததில் கழுத்து இழுத்துவிட்டது. அதுதான் நான் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு. பிடிக்காமல் வந்தவர் அப்படிச் சிரிக்க மாட்டார் என்று எனக்குள் ஒரு ஆறுதல்.

மாமாதான் எழுந்தார். "ரெண்டு எண்ணெயையும் கொண்டாங்க. தேய்க்கப்போறது நான்," என்றார். வைத்தியம் ஒரு சாக்கு. தன் கையால் தொட்டு, உண்மையான பிடிப்பா, பழைய கோளாறா என்று பார்த்துவிட நினைத்திருக்கிறார்.

மாப்பிள்ளையை வீட்டுக்குப் பின்புறம் முற்றத்தில் ஒரு பலகையில் உட்கார்த்தினார்கள். நான் இருந்த உள்ளறைச் சன்னலுக்கு நேராக. வேண்டுமென்றே ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். சன்னல் அங்கே இருந்தது, நானும் அங்கே இருந்தேன். எனக்குத் தெரிந்தது மாமாவின் அகலமான முதுகு மட்டும். அதற்கு அப்பால் என் எதிர்காலம் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது.

வலப்பக்கம் புன்னை, இடப்பக்கம் இலுப்பை. மாமாவின் கட்டைவிரல் கழுத்தடியில் தொடங்கித் தோள்வரை வழித்துக்கொண்டு போகும். போகும்போதே கேள்வியும் போகும்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மத்தியானத்துலேருந்துங்க மாமா."

"வேற எந்த ஊர்லயாச்சும் குடும்பம் இருக்கா?"

"எங்கக்கா மட்டுந்தாங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." கட்டைவிரல் ஒரு நரம்பில் போய் நின்றது.

"இல்லைங்க மாமா. தலையாட்டிச் சொல்லலாம்னா தலை ஆட மாட்டேங்குது."

மாமா அடுத்த நரம்புக்குப் போனார். எண்ணெய் தோலில் சர்க் சர்க்கென்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, யாரிடமும் சொல்லாத கதையை, எண்ணெய்க் கையோடு அந்தக் கழுத்திடம் சொன்னார். பஞ்சவர்ணத்தின் கதை. ஊருக்கே தெரிந்த கதைதான், ஆனால் மாமா வாயால் அதை யாரும் கேட்டதில்லை. சன்னலுக்கு உள்ளே எனக்குக் கண் கலங்கியது.

முழுதும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை விசாரித்தார். "அவங்க நாளைக்குக் கல்யாணத்துக்கு வாராங்களாங்க?"

"வர மாட்டா. நல்ல காரியத்துல நான் எதுக்குன்னு அவளே ஒதுங்கிக்கிறா."

"வரச் சொல்லுங்க மாமா. எங்கக்காவும் புருஷன் இல்லாதவதான். நாளைக்குத் தாலியை எடுத்து எங் கையில குடுக்கப்போறது அவதான். இல்லாட்டி நான் கட்ட மாட்டேன்னு எங்க வீட்டுல சொல்லிட்டேன். அவளுக்குத் துணையா ஒங்க மகளும் பக்கத்துல நிக்கட்டும்."

மாமாவின் கை நின்றுவிட்டது. பிறகு துண்டை எடுத்து மாப்பிள்ளையின் கழுத்தை ஒரு குழந்தையைத் துடைப்பதுபோல் மெல்ல ஒற்றினார். எழுந்து கூடத்துக்கு வந்து, "இன்னிக்குப் பிடிச்ச பிடிப்புத்தான். நான் கை வச்சுப் பார்த்துட்டேன். ஆக வேண்டியதைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது பஞ்சவர்ணம் கூட வந்தாள். அவள் வாசலில் தயங்கி நின்றபோது மதினிதான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். கூட்டிவந்த கையோடு விரல்களை மடக்கியும் பார்த்திருப்பார், நிச்சயம்.

காலையில் கழுத்து நேராகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. வலி பாதி குறைந்திருந்தது, திருப்பம் அப்படியே இருந்தது. மணவறையில் என்னை அவருக்கு வலப்பக்கம் உட்காரவைத்தார்கள். அவர் முகம் இடப்பக்கம். ஊரே பார்க்க, மாப்பிள்ளை பெண்ணுக்கு முதுகைக் காட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார். பந்தல் முழுவதும் மல்லிகையும் சம்பங்கியும் தோரணமாகத் தொங்கின. எங்கள் ஊர்ப் பூ வேறு எதற்கும் தோற்றதில்லை. அன்றைக்குத் தோற்றது. காலையில் மாமா இன்னொரு தடவை இரண்டு எண்ணெயையும் அள்ளித் தேய்த்திருந்தார். ஹோமச் சூட்டில் அது கிளம்பி, மந்திரம் சொன்ன ஐயர் சுவாகா என்று சொல்லிவிட்டுத் தும்மினார். மறுபடி சுவாகா, மறுபடி தும்மல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னப்பிள்ளைகள் அதையும் மந்திரத்தில் சேர்த்துக்கொண்டு கூடவே தும்ம ஆரம்பித்தார்கள்.

மதினி தாலியை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் பஞ்சவர்ணம் குத்துவிளக்கை ஏந்தி நின்றாள். ஒருசில பெரியவர்கள் முகம் கோணியது. மாமா அவர்கள் பக்கம் திரும்பி நின்று மார்பில் கையைக் கட்டிக்கொண்டார், முகங்கள் நேராயின. மாப்பிள்ளை என்னைப் பார்க்காமலே, விரலால் தடவிப் பார்த்து முடிச்சுப் போட்டார்.

அதன் பிறகு, வழக்கப்படி என்னை எழுப்பி இடப்பக்கம் மாற்றி உட்காரவைத்தார்கள்.

இப்போது புரிகிறதா? அவர் முகம் நேராக என் முகத்துக்கு எதிரே. ஒரு சாண் தூரம். நகர்த்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. ஐயர், "இங்க பாருங்கோ" என்றால் கண் மட்டும் அந்தப் பக்கம் ஓடிவிட்டு மறுபடி என்னிடம் வந்துவிடும். பந்தலில் ஒரு சிரிப்பலை. "மாப்பிள்ளைக்கு அப்பப் பார்க்க நேரமில்ல, இப்ப விட மாட்டேங்குறாரு" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். நான் தலையை எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்தேன். அப்போது, உதடு அசையாமல், அவர் என்னிடம் முதல்முதலாகப் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிட்டுத் திரும்ப முடியலை."

கட்டின மனைவியைப் போங்க வாங்க என்று சொல்கிறாரே என்பது ஒரு பக்கம், எண்ணெய் வாடை ஒரு பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், தோள் குலுங்கியது. பெண் அழுகிறாள் என்று நினைத்து ஆத்தா பதறி ஓடிவந்தாள். குனிந்து பார்த்தவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனாள்.

மறுவீடு முடிவதற்குள் கழுத்து சரியாகிவிட்டது. எந்த எண்ணெயால் என்பது இரண்டு வீட்டுக்கும் இடையில் கடைசிவரை தீராத வழக்கு. ஆத்தா, வலப்பக்கம் முதலில் இளகியதால்தான் இடப்பக்கம் விட்டது என்பாள். மதினியோ, பிடித்திருந்ததே இடப்பக்கம், விட்டதும் இடப்பக்கம், இதில் புன்னைக்கு என்ன வேலை என்பார். மாமா, தன் கையைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறார்களே என்று வருத்தப்படுவார். எங்கள் வீட்டு வாத்தியார், பஸ்தான் காரணம், அதற்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்பார். பஞ்சவர்ணம் மதினியோடு ஒட்டிக்கொண்டாள். பொங்கலுக்குப் பொங்கல் மதினி ஊருக்கு வந்து தங்குவாள். அப்புறம் தையல் படித்து ஆலங்குடியில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தன் காலில் தைரியமாக நின்றாள். மாமா சாகும்வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் மாப்பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

நான் வாழ்க்கைப்பட்ட அந்த ஊரில் ஏரிக்கரையை ஒட்டிப் பெரிய இலுப்பைத் தோப்பு இருந்தது. நண்பகலில்கூட உள்ளே வெயில் இறங்காது. பங்குனியில் பூ உதிரும். குமட்டுகிற இனிப்பு வாசனை. ஆடி வாக்கில் கொட்டை விழும். மதினியும் நானும் கூடையோடு போய்ப் பொறுக்குவோம். குனிந்து பொறுக்குவதால் இடுப்பு வலிக்கும். அந்த இடுப்புக்குப் போன வருஷத்து எண்ணெய். "இதே ஒரு வேலையாப் போச்சு மதினி. எண்ணெ எடுக்கப் போயி வலி, வலிக்கு எண்ணெ" என்று நான் சொன்னால், "வேற எதுக்குப் பொறந்தோம், தேய்ச்சுக்க" என்பார். நானும் பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தேன். தலையில் பேன் பிடித்த பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வேப்பெண்ணெய் தடவிவிடுவேன். இன்ஸ்பெக்டர் வந்தால் என் வகுப்பை வாசலில் நின்றே பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நான் நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்ததில் வேப்பெண்ணெய்க்குப் பங்கு உண்டு.

பிறகு எங்களுக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. மதினி ஊரிலேயே இருந்துகொண்டார். வருஷம் தவறாமல் ஆடி கழிந்ததும் எண்ணெய்ப் புட்டியைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். டவுனில் பக்கத்து வீடுகள் நெருக்கம். வாடை போகும். "ஒங்க வீட்டுல எலி எதுவும் செத்துக்கிடக்கா" என்று ஒரு அம்மா விசாரித்தார். அதற்குப் பிறகு சின்ன டப்பாவில் மஞ்சளாக வருகிற வலி மருந்தை நாங்களும் வாங்க ஆரம்பித்தோம். மதினி வரும்போது மட்டும் அதை அலமாரியில் ஒளித்துவைப்போம்.

ஒரு வருஷம் மதினி வந்தபோது கையில் புட்டி இல்லை. தோப்பை ஏலம் விட்டு வெட்டிவிட்டார்களாம். ஏரிக்கரை முழுக்க இப்போது தைல மரம் வைத்திருக்கிறார்களாம்.

"பேருதான் தைல மரம்," என்றார் மதினி. "ஒரு சொட்டுத் தைலம் நம்ம ஊர்ல ஒருத்தர் கைக்கும் வரலை. அறுத்து அறுத்து லாரியில போகுது."

உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், குடித்தார். கைகளை மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வழக்கமாக வந்ததும் புட்டியைத் திறந்து யாரையாவது பிடித்து உட்காரவைக்கிற கை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள. எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்ல மதினி."

"பொய் சொல்லாத. நடையிலேயே தெரியுது. முதுகைக் காட்டு."

காட்டினேன். எண்ணெய் இல்லாத வெறுங்கை, காய்ந்த கை. சுரசுரவென்று முதுகில் மேலும் கீழும் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் புத்தகப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தாள். தேய்த்து முடித்ததும், "தேவலையா?" என்று கேட்டார். தேவலையாகத்தான் இருந்தது.

புன்னை ஜாடி ஆத்தாவோடு போயிற்று. மாமாவின் கட்டைவிரல் போயிற்று. மதினி போனார், வாத்தியாரும் போனார். எண்ணெய்க்கு இப்போது குறைவில்லை. எந்தக் கடையில் கேட்டாலும் எல்லா எண்ணெயும் சின்னச் சின்னப் புட்டியில் அழகாக இருக்கிறது. இல்லாதது, முதுகைக் காட்டு என்று என்னை அதட்டுவதற்கு எனக்கு மூத்தவர் ஒருவர். எங்கள் இரண்டு வீட்டிலும் சேர்த்து இப்போது நான்தான் மூத்தவள்.